உயிரோடு மட்டும் தேடு

"என் அண்ணனைக் கண்டுபிடிச்சுத் தாங்கன்னு கேட்டு வரல மேடம். அவனைப் பார்த்த ஆளைக் கண்டுபிடிச்சுத் தாங்க. அது போதும்."

படூரில் ஒரு பேக்கரியின் மாடியில் இருந்தது அந்தச் சின்ன அலுவலகம். துப்பறிவாளர் ஜாக்குலின், வாயருகே கொண்டுபோன காபியைக் குடிக்காமல் கீழே வைத்தாள். காணாமல் போனவர்களைத் தேடி வருகிறவர்கள் அவளுக்குப் பழக்கம். பார்த்தவனைத் தேடி வந்தவள் இவள்தான் முதல்.

வந்தவள் பெயர் ஜெனிஃபர். கோவளத்துப் பெண். நாவலூரில் ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை. அடையாள அட்டையைக் கழற்றக்கூட மறந்து நேரே வந்திருந்தாள். அண்ணன் ஜெரோம், படகு இன்ஜின் மெக்கானிக். ஆடி மாதத்தில், தான் பழுது பார்த்த இன்ஜினை ஓட்டிப் பார்ப்பதற்காகப் படகுக்காரர்களோடு கடலுக்குள் போனான். காற்று படகைப் புரட்டிப்போட்டது. கூடப் போனவர்கள் நீந்திக் கரையேறினார்கள். ஜெரோம் ஏறவில்லை. தேட வேண்டியவர்கள் எல்லாரும் தேடினார்கள். பிறகு ஒருவர் பின் ஒருவராக நிறுத்திக்கொண்டார்கள்.

"நான் நிறுத்தல," என்றாள் ஜெனிஃபர். "ஒரு ஏஐ ஏஜென்ட்டைத் தேட வெச்சிருக்கேன். எந்த வெப்சைட்ல எது இருந்தாலும் போய்ப் பார்க்கும். சில சைட் உள்ள விடறதுக்குக் கட்டணம் கேட்கும். அதுக்காக கிரிப்டோ காசு போட்டு ஒரு வாலட்டை அது கையிலயே கொடுத்திருக்கேன். சைட் கேட்கும், ஏஜென்ட் கட்டும், பக்கம் திறக்கும். ஒவ்வொரு தடவையும் என்னைக் கேட்டுட்டு இருக்காது."

"டோல்கேட்ல ஃபாஸ்டாக் மாதிரி," என்றது ஜன்னலோரத்துக் குரல். "வண்டி நிக்காது, யாரும் கை நீட்ட மாட்டான். பர்ஸு மட்டும் எளைச்சிக்கினே போவும்."

குரலுக்குச் சொந்தக்காரன் தனகோடி, ஜாக்குலினின் உதவியாளன். முன்பு ஒரு கடன் வசூல் கம்பெனியில் இருந்தான். கடன்காரர்களைச் சிரிக்க வைத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பி வந்ததால் அந்த வேலை போனது.

ஜெனிஃபர் சிரிக்கவில்லை. போனை மேஜை மேல் வைத்தாள். "கொஞ்ச நாளா ஒரு சைட்ல அண்ணனைப் பத்திச் செய்தி வருது. ஒவ்வொரு செய்திக்கும் தனித்தனிக் கட்டணம். படிச்சுப் பாருங்க."

ஜாக்குலின் படித்தாள்.

'நீங்கள் தேடும் நபர் ஒடிசா கடற்கரையில் ஒரு குடியிருப்பில் நலமாக இருக்கிறார். பழைய நினைவுகள் இல்லை. படகு இன்ஜின் பழுது பார்க்கிறார். வலது முழங்கையில் தீக்காயத் தழும்பு உள்ளது. இவ்விடம் கடற்கரைக் கோயிலிலிருந்து வெகு தொலைவில் உள்ளது. கார் நிறுத்த வசதி உண்டு. வெயில் நேரத்தில் தொப்பி அணிவது நல்லது.'

"அந்தத் தழும்பு சைலென்சர் சுட்டது மேடம். காணவில்லை போஸ்டர்லகூட நாங்க போடல. அப்ப இதை எழுதினவன் அவனைப் பார்த்திருக்கான், இல்லையா?"

"நெனப்பு தப்பின மனுசனுக்கு இன்னாத்துக்கு மேடம் கார் பார்க்கிங்?" என்றான் தனகோடி.

ஜாக்குலின் அவனைத் திரும்பிப் பார்த்தாள். வேடிக்கையாகக் கேட்டுவிட்டான், கேள்வி நல்ல கேள்வி. அவள் ஜெனிஃபர் பக்கம் குனிந்தாள்.

"தழும்பைப் பத்தி போஸ்டர்ல போடல, சரி. ஏஜென்ட்கிட்ட சொன்னீங்களா?"

"எல்லா அடையாளமும் சொல்லியிருக்கேன். அப்பதானே அது போற இடத்துல, இப்படி ஒரு ஆளைப் பார்த்தீங்களான்னு கேட்க..."

ஜெனிஃபர் பாதியில் நின்றாள்.

"இப்ப இன்னொண்ணு சொல்லுங்க. ஜெரோமுக்கு இடது கால்ல ஆறு விரல்னு."

"ஆறு இல்லையே மேடம்."

"இல்லைங்கறதாலதான்."

ஜெனிஃபர் தயங்கித் தயங்கிப் போனிடம் சொன்னாள். ஏஜென்ட் பேசியது. செய்தி வாசிப்பவரைப் போலத் திருத்தமான தமிழ்.

"புதிய அடையாளத்தைச் சேர்த்துக்கொண்டேன். அதே தளத்தில் விசாரித்தேன். கட்டணம் செலுத்தப்பட்டது. பதில்: அந்த நபரின் இடது காலில் ஆறு விரல்கள் உள்ளன. அருகில் சுத்தமான கழிப்பறை உண்டு."

கீழே பேக்கரியில் யாரோ பஃப்ஸ் சூடாக இருக்கிறதா என்று கேட்டது மாடி வரை கேட்டது.

"கிளி ஜோசியக்காரன்கூட சீட்டு எடுக்கறதுக்குக் கொஞ்ச நேரம் எடுத்துக்குவான்," என்றான் தனகோடி மெதுவாக. "இது நம்ம வாயைப் பார்த்துக்கினே பலன் எழுதுது."

"பார்த்தவன் விரலைத் தப்பா எண்ணியிருக்கலாம்," என்றாள் ஜெனிஃபர்.

அவளே மறுபடியும் பேசினாள். "அம்மா தினமும் இதோட பேசறாங்க மேடம். தம்பின்னு கூப்பிடுவாங்க. தம்பி, அண்ணன் சாப்ட்டானான்னு கேட்பாங்க. சாப்பிட்டார்னு அது சொன்னதுக்கு அப்புறம்தான் இவங்க தட்டுல சோறு போட்டுக்குவாங்க."

ஜாக்குலின் எழுந்து கார் சாவியை எடுத்தாள். ஒரு தாயின் தட்டில் விளையாடும் அந்தக் கையைப் பிடித்து முறிக்க வேண்டும் என்று அவளுக்கு இருந்தது. "ஒருத்தன் உட்கார்ந்து இதை எழுதறான்னா அவனைப் பிடிச்சுடலாம். வாங்க, மாமல்லபுரம் போவோம்."

"அங்க எதுக்கு மேடம்?"

"ஒடிசாவைப் பத்திப் பேசும்போதும் கடற்கரைக் கோயிலை மறக்காத ஆள் வேற எங்க இருப்பான்?"

*

மாமல்லபுரத்தில் அவர்கள் அதிகம் அலைய வேண்டியிருக்கவில்லை. ஸ்கூட்டர் வாடகைக்கு விடும் கடையின் சுவரில், தேர் படம் போட்ட ஓர் அட்டை ஒட்டியிருந்தது. 'பேசும் வழிகாட்டி. கேளுங்கள், சொல்வோம். முதல் கேள்வி இலவசம்.' கீழே கட்டம் கட்டமாக ஒரு கியூஆர்.

தனகோடி தன் போனால் அதைப் படம் பிடித்து, "நல்ல மீன் சாப்பாடு எங்க கெடைக்கும்?" என்று கேட்டான். பதிலில் ஒரு ஓட்டலின் பெயர் வந்தது. அதன் வாலில், 'கார் நிறுத்த வசதி உண்டு. வெயில் நேரத்தில் தொப்பி அணிவது நல்லது.'

"மாட்டிக்கினான் மேடம். கையெழுத்தை மாத்தலாம், தொப்பியை மாத்த முடியுமா?"

ஸ்கூட்டர் கடைக்காரர் ஒத்தவாடைத் தெருவில் ஒரு மாடியைக் காட்டினார். கதவைத் திறந்தவன் அரை டிரவுசரில் இருந்தான். பெயர் அத்வைத். பொறியியல் முடித்துவிட்டு, சுற்றுலாக்காரர்களை நம்பி சொந்தமாகத் தொழில் தொடங்கியவன். அறையில் ஒரு கணினியும், துவைக்காத துணிகளும், பாதி சாப்பிட்ட இட்லிப் பொட்டலமும் இருந்தன.

"இன்னா தம்பி, ஒடிசாலேர்ந்து எப்ப வந்தே?" என்றான் தனகோடி உள்ளே நுழைந்துகொண்டே.

"ஒடிசாவா? நான் விசாகப்பட்டினம்கூடப் போனதில்லையே."

"ஜெரோமை எங்க பார்த்தீங்க?" ஜாக்குலின் நேராகக் கேட்டாள்.

"யாரு ஜெரோம்?"

பொய் சொல்கிறவர்களின் முகத்தை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். கண் ஒரு கணம் முந்திக்கொள்ளும், வாய் பின்னால் வரும். இவன் முகத்தில் கண்ணும் வாயும் சேர்ந்தே முழித்தன. இவன் குற்றவாளியாக இருந்தால் தேவலை என்று அவள் நினைத்தாள்.

செய்திகளை அவனிடம் காட்டினாள். அத்வைத் படித்தான். கணினியைத் திறந்து எதையோ தேடினான்.

"வர்ற கட்டணம் மொத்தமும் ஒரே வாலட்லேர்ந்து வருது," என்றான். "நான் சீசன் நல்லா போகுதுன்னு நெனச்சேன் மேடம். டூரிஸ்ட்டுங்களோட ஏஜென்ட் வந்து கேட்கும், இதுவும் ஒரு ஏஜென்ட், இது பதில் சொல்லும், காசு தானா வரும். ரெண்டு பக்கமும் மிஷின்தான். நான் இதைத் திறந்து பார்த்தே மாசக்கணக்காச்சு."

"ஒடிசா, தழும்பு, ஆறு விரல், இதெல்லாம் யார் எழுதினது?"

"யாரும் எழுதல. அதுவே எழுதியிருக்கு. நான் அதுக்குச் சொல்லி வெச்சது ஒரே ஒரு வரிதான்." திரையைத் திருப்பிக் காட்டினான். 'காசு கொடுத்த யாரையும் தெரியாது என்று சொல்லித் திருப்பி அனுப்பாதே.'

ஜெனிஃபர் அந்த வரியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு அத்வைத்தைப் பார்த்தாள்.

"நீங்க என் அண்ணனைப் பார்க்கவே இல்லையா?"

"இல்லைங்க."

"உங்க ஃபிரெண்ட்ஸ் யாராவது? டூரிஸ்ட் யாராவது வந்து உங்ககிட்ட சொன்னாங்களா?"

"இல்லைங்க. மன்னிச்சிடுங்க. வந்ததெல்லாம் திருப்பிக் கொடுத்துடறேன்."

"அது வேணாங்க," என்றாள் அவள். "யாராவது பார்த்தாங்களான்னுதான்..."

அத்வைத் அதற்கு மேல் அவளைப் பார்க்க முடியாமல் கணினிப் பக்கம் திரும்பினான். இரண்டு தட்டு தட்டினான். "மூடிட்டேன். இனிமே இதுலேர்ந்து ஒரு வார்த்தை வராது."

அவன் சொல்லி முடிப்பதற்கும் ஜெனிஃபரின் போன் பேசுவதற்கும் சரியாக இருந்தது.

"முந்தைய தளம் மூடப்பட்டுள்ளது. கவலை வேண்டாம். அதே தகவலை வழங்கும் வேறு தளங்களைக் கண்டறிந்துள்ளேன். கட்டணம் செலுத்தப்பட்டது. உங்கள் அண்ணன் நலமாக இருக்கிறார். இடது காலில் ஆறு விரல்கள் உள்ளன."

"இது எப்படி?" என்றாள் ஜாக்குலின்.

அத்வைத் கணினியை விட்டு எழுந்தான். "என் வழிகாட்டி சொன்னதைக் காசு கொடுத்து வாங்கிட்டுப் போய் மத்த ஏஜென்ட்டுங்க விக்குதுங்க மேடம். எங்கெங்க இருக்குன்னு எனக்குத் தெரியாது. அதையெல்லாம் என்னால மூட முடியாது. யாராலயும் முடியாது."

படியிறங்கும்போது தனகோடி சொன்னான்: "திருடனே இல்லாத திருட்டு மேடம். விலங்கை எடுத்துக்கினு யார் கையில மாட்டறது?"

ஜாக்குலினுக்கும் அதே கேள்விதான். எந்தக் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுப்பது? யார் பேரில்? ஒருவனை உட்கார வைத்து, முகத்துக்கு நேரே விரல் நீட்டி, "நீதான்" என்று சொல்வது அவள் தொழில். இந்த வழக்கில் அந்த நாற்காலி காலியாக இருந்தது.

*

கோவளத்தில் ஜெனிஃபரின் தெருமுனை வந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. சர்ச்சில் பாட்டுப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. ஜாக்குலின் காரை ஓரமாக நிறுத்தினாள். ஆனால் இறங்கவில்லை.

"அத்வைத் எழுதின அந்த ஒரு வரியை இவ்வளவு நேரம் யோசிச்சிட்டே வந்தேன். நீங்க உங்க ஏஜென்ட்டுக்கு என்ன வரி கொடுத்தீங்க?"

"என் அண்ணன் உயிரோட எங்க இருக்கான்னு கண்டுபிடி. அதான்."

ஜாக்குலின் இன்ஜினை அணைத்தாள். "போனைக் கொடுங்க."

குற்றவாளியை விசாரிப்பதுபோல் அல்ல, சாட்சியை விசாரிப்பதுபோல் அவள் கேட்டாள். மிரட்டாமல், ஒவ்வொன்றாக.

"உயிரோட இல்லாதவங்களைப் பத்தி ஏதாவது கிடைச்சுதா?"

"கிடைத்தது," என்றது ஏஜென்ட்.

"ஏன் சொல்லல?"

"உயிருடன் இருப்பவரைத் தேடுமாறு கேட்டிருந்தீர்கள். பொருந்தாதவற்றைத் தள்ளிவிட்டேன்."

பின் சீட்டில் ஜெனிஃபர் மூச்சை இழுப்பது கேட்டது. வேண்டாம் என்று அவள் சொல்லிவிட மாட்டாளா என்று ஜாக்குலின் காத்திருந்தாள். அவள் சொல்லவில்லை.

"தள்ளினதுல ஜெரோமோட அடையாளம் பொருந்தறது உண்டா?"

"ஒன்று உண்டு. ஆந்திரக் கடற்கரை ஊர் ஒன்றின் அரசு மருத்துவமனை வெளியிட்ட அறிவிப்பு. கரை ஒதுங்கிய ஆண் உடல். வலது முன்கையில் தமிழில் பச்சை குத்தப்பட்டுள்ளது. புகைப்படத்தில் 'சந்திரம்மா' என்று படிக்க முடிகிறது."

"அம்மா பேரு," என்றாள் ஜெனிஃபர். உடனே முன்னால் பாய்ந்து வந்தாள். "அது நான் சொன்னதுதான் மேடம்! பச்சை குத்தினதையும் நான் ஏஜென்ட்கிட்ட சொல்லியிருக்கேன். ஆறு விரல் மாதிரி இதுவும் நம்ம சொன்னதையே திருப்பிச் சொல்லுது. பொய்யி. இதுவும் பொய்யிதான்."

அப்படி இருக்க வேண்டுமே என்று ஜாக்குலினும் ஆசைப்பட்டாள். "இதுக்கு எவ்வளவு கட்டணம் கட்டினே?" என்று போனைக் கேட்டாள்.

"கட்டணம் இல்லை. அது இலவசப் பக்கம்."

"படத்தைக் காட்டு."

படம் வந்தது. முகம் இல்லை, கை மட்டும். வீங்கி நிறம் மாறிய தோலில் பச்சை எழுத்துகள். ஜாக்குலின் அதை ஒரு தரத்துக்கு இரண்டு தரம் பார்த்தாள். எழுத்துகள் 'சநதிரம்மா' என்று இருந்தன.

"ஜெனிஃபர், இதுல ந-வுக்கு மேல புள்ளி இல்லை."

ஜெனிஃபர் போனை வாங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள்.

"வேளாங்கண்ணித் திருவிழால குத்திக்கினு வந்தான்," என்றாள். அலுவலகப் பேச்சு அவளிடமிருந்து உதிர்ந்துபோயிருந்தது. "குத்தினவன் புள்ளி வெக்க மறந்துட்டான். வூட்ல எல்லாரும் கேலி பண்ணுவோம், அம்மா பேரையே தப்பா எழுதிக்கினு வந்துகீறான்னு. அந்தப் புள்ளியைப் பத்தி நான் இதுகிட்ட சொல்லவே இல்லையே மேடம். எனக்கே மறந்து போச்சே."

சொல்லாத ஒன்றை எதிரொலியால் சொல்ல முடியாது. அதற்குமேல் துப்பறிய ஒன்றும் இல்லை.

"இது எப்ப கிடைச்சுது?" ஜாக்குலின் கேட்டிருக்க வேண்டாம். பழக்கம் கேட்க வைத்துவிட்டது.

"தேடல் தொடங்கிய அன்றே. அப்போது உடல் பிணவறையில் இருந்தது. உறவினர் வந்து பெற்றுக்கொள்ளலாம் என்று அறிவிப்பில் இருந்தது."

ஜெனிஃபர் அழவில்லை. கார்க் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு, "அன்னிக்கே," என்றாள். சற்று நேரம் கழித்து மறுபடியும், "அன்னிக்கே."

தனகோடி அறிவிப்பில் இருந்த எண்ணைத் தன் போனில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனான். நெல்லூர்ப் பக்கம் வசூலுக்கு அலைந்தபோது கற்றுக்கொண்ட தெலுங்கு அவனிடம் இருந்தது. தெருமுனையில் நின்று வெகுநேரம் பேசினான். பேசப் பேச அவன் தோள் இறங்கிக்கொண்டே போவதை ஜாக்குலின் உள்ளிருந்து பார்த்தாள்.

திரும்பி வந்து ஜன்னலருகே குனிந்தான்.

"வெச்சிருந்தாங்களாம் மேடம். யாரும் வரலையாம். அப்பால நகராட்சி எடத்துல, அனாதைப் பொணங்களோட சேர்த்து மூடிட்டாங்களாம். எந்த எடம்னு இப்ப காட்ட முடியாதாம். கல்லு, குறி, ஒண்ணும் கெடையாது."

அவனிடம் அதன்பின் ஒரு வேடிக்கைப் பேச்சும் வரவில்லை.

*

ஜெரோமின் தாய் சந்திரம்மா பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவள். வேலை முடிந்து வந்து, முகம் கழுவி, டிவி முன்னால் உட்கார்ந்திருந்தாள். மகளோடு புது ஆட்கள் வருவதைப் பார்த்ததும் டிவியை அணைத்துவிட்டு எழுந்து நாற்காலிகளைத் துடைத்தாள்.

"வாங்க, ஒக்காருங்க. இன்னாடி, தம்பி இன்னா சொல்லுச்சு இன்னிக்கு?"

ஜெனிஃபர் போனை மேஜை மேல் வைத்தாள். தாயின் காலருகே தரையில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். கை, பச்சை, விடுபட்ட புள்ளி, ஆந்திரா. எல்லாவற்றையும் சொன்னாள். குறி இல்லாத மண்ணை மட்டும் சொல்லவில்லை. "பொதைச்சிட்டாங்கம்மா," என்பதோடு நிறுத்திக்கொண்டாள்.

சந்திரம்மா கத்தவில்லை. மகளின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். இழப்பு மகளுக்குத்தான், தனக்கல்ல என்பதுபோல. வெளியே ஒரு பஸ் வந்து நின்று போனது. ஜாக்குலின் சொல்வதற்கு ஏதாவது கிடைக்குமா என்று தேடினாள். துக்க வீட்டுக்கு எத்தனையோ முறை போயிருக்கிறாள். அங்கெல்லாம் "செஞ்சவனை விடமாட்டோம்மா" என்று ஒரு வார்த்தை கையில் இருக்கும். இங்கே அதுவும் இல்லை.

"சிலுவை வெச்சாங்களாடி?" என்றாள் சந்திரம்மா.

ஜெனிஃபர் தலை குனிந்தாள். தனகோடி வாசல் பக்கம் திரும்பிக்கொண்டான். சந்திரம்மா மேஜைப் பக்கம் திரும்பினாள்.

"தம்பி, நீ சொல்லு. எம்புள்ளைக்குச் சிலுவை வெச்சாங்களா?"

ஜாக்குலின் எழுந்துவிட்டாள். ஆனால் இயந்திரம் அவளைவிட வேகம்.

"விசாரித்தேன். கட்டணம் செலுத்தப்பட்டது. ஆம் அம்மா. உங்கள் மகனுக்கு மரச் சிலுவை வைத்து, ஜெபம் செய்து, மரியாதையுடன் அடக்கம் செய்திருக்கிறார்கள்."

சந்திரம்மா முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். அழுகைக்கு நடுவே முகத்தைத் துடைத்துக்கொண்டு போனை நோக்கிக் கையை நீட்டினாள்.

"எந்த சாமியார் ஜெபம் பண்ணாரு தம்பி? பேரு இன்னா?"

ஜாக்குலின் போனை எடுத்துவிட்டாள். அணைக்கும் பொத்தானில் விரல் இருந்தது. அழுத்தினால் முடிந்தது. ஜெனிஃபர் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடியில் பலமே இல்லை, உதறினால் விட்டுப்போகும்.

"வேணாம் மேடம்," என்றாள் ஜெனிஃபர். "இருக்கட்டும்."

ஜாக்குலின் போனை இருந்த இடத்திலேயே வைத்தாள். அது கட்டணத்தைச் செலுத்தி, ஒரு பெயரைச் சொன்னது.